எல்லாம் கேஸ்ட்ரிக் இல்லை, தம்பி

இந்த வாரமும் கேஸ்ட்ரிக் என்று இன்னொருவர் வந்தார். கொரியாவில் நாலு வருடம் பத்து மாதம் வேலை செய்துவிட்டுக் களுவாஞ்சிக்குடிக்கு (ஊரை மாற்றியிருக்கிறேன்) திரும்பியவர். சட்டைப் பையில் ஓமெப்ரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் குளிசை) அட்டை, அதில் மூன்று குளிசை மிச்சம். ஒன்றரை வருடமாகப் பாமசியில் கேட்டு வாங்கிப் போடுகிறாராம். “கேஸ்ட்ரிக் டொக்டர், கொஞ்சம் கூடிட்டு.”

எனக்குக் கோபம் வருவதே இந்தச் சொல்லில்தான். கேஸ்ட்ரிக் என்றால் பெரும்பாலும் நெஞ்சுக்குழிக்குக் கீழே எரியும். இவருக்கோ வலது விலாவுக்குக் கீழே. பிரியாணி சாப்பிட்ட இரவுகளில் பிடித்து, வலது தோள்பட்டை வரை ஏறி, இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டுத் தானாகவே விட்டுவிடும். குளிசையால்தான் வலி விட்டது என்று நினைத்திருக்கிறார். குளிசை ஒன்றும் செய்யவில்லை. வந்து வந்து போவது பித்தப்பாதை (ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் வழி) வலியின் குணம். இதைச் சில நேரம் எங்கள் டொக்டர்மாருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

ஸ்கானில் பித்தக்குழாய் விரிந்திருந்தது, கல் தெரியவில்லை. அங்கே ஆற்றுமீன் பச்சையாகச் சாப்பிட்டாரா என்று கேட்டேன். சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சூப்பர்வைசர் ஆற்றங்கரையில் மீனை வெட்டி, மிளகாய்ப் பசையில் தோய்த்துக் கொடுப்பாராம். “சோஜுவோட சாப்பிட்டா பூச்சி செத்திடும் எண்டாங்க.” (சோஜு, கொரியச் சாராயம்.)

சாகாது. மிளகாய்க்கும் சாகாது, புளிக்கும் சாகாது. நன்றாக வேகவைக்க வேண்டும். நக்டொங் போன்ற கொரிய ஆறுகளின் மீன்வழி வரும் ஈரல் தட்டைப்புழு, பித்தக்குழாயில் 20 வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2009இல் இதைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது. வீட்டில் போடும் ஒற்றைப் பூச்சிக் குளிசை இதற்குப் போதாது.

இவருக்கு இன்னும் உறுதியாகவில்லை. மலப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன். முட்டை மிகச் சிறியது என்பதால் எதைத் தேடவேண்டும் என்று லாப்புக்குக் குறிப்பும் எழுதினேன். வேறு காரணமாகவும் இருக்கலாம். அதற்காக நம் வாவி மீனை முறைத்துப் பார்க்காதீர்கள், அதைக் குழம்பில் கொதிக்கவிட்டுத்தானே தின்கிறோம்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எந்த நாட்டில் இருந்தோம், என்ன சாப்பிட்டோம் என்பதை டொக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சோஜு குடித்ததை அம்மாவிடம் சொல்லமாட்டோம். வலி திரும்பத் திரும்ப வந்தால் பாமசியோடு நிற்காமல் ஒரு ஸ்கான் எடுங்கள். வலியோடு குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்து கண்ணும் மஞ்சளானால், செங்கண்மாரி என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக்கொண்டிருக்க வேண்டாம். போதனா வைத்தியசாலைக்கு வாருங்கள், இரவு பன்னிரண்டானாலும் சரி. விடியட்டும் என்று மட்டும் வைக்காதீர்கள்.