பெட்ரோல் மிகுந்தால் இன்ஜின் ஏன் கிளம்புவதில்லை?

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, தொடக்க கால மாருதி 800 போன்ற, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டிகளை இன்றும் பேணி ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதன்று. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிப்பதில்லை. சற்று நேரத்தில் பானட்டைத் திறக்காமலேயே பெட்ரோல் வாடை வண்டிக்குள் வந்துவிடுகிறது. பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்று எண்ணி ஆக்ஸிலேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிப்பவர்களே மிகுதி. உண்மையில் பெட்ரோல் அளவுக்கு மேல் போய்விட்ட, மெக்கானிக்குகள் ‘ஓவர்ஃப்ளோ’ என்று சொல்லும் இந்த நிலையில், செய்யவே கூடாத காரியம் அதுதான்.

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு தக்க அளவில் கலந்த பிறகே எரிகிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 9,000 லிட்டர் காற்று தேவை. காற்றின் பங்கு ஏழு, எட்டு என்ற அளவுக்கும் கீழே இறங்கிவிட்டால், பொறி விழுந்தாலும் கலவை பற்றுவதில்லை.

பொறியும் ஒழுங்காக விழாது. ஓவர்ஃப்ளோ ஆன இன்ஜினிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், நுனி ஈரமாகப் பளபளக்கும்; நடுவிலுள்ள வெள்ளைப் பீங்கான் மேல் கரி குழைந்து அப்பியிருக்கும். பெட்ரோல் தன்னளவில் நல்ல மின்கடத்தி அன்று என்றாலும், அந்தக் கரிப்பூச்சின் வழியாக உயர் மின்னழுத்தம் பிளக்கின் உலோக உடற்பகுதிக்குக் கசிந்து போவதால், நுனியிலுள்ள இடைவெளியைத் தாண்டிப் பாய வேண்டிய பொறி வலுவிழக்கிறது அல்லது தோன்றாமலே போகிறது. இதற்கிடையில் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தையும் பெட்ரோல் கழுவிவிடுவதால், பிஸ்டன் வளையங்களின் அடைப்புக் குறைந்து, கலவையை அழுத்தும் வலுவான கம்ப்ரஷனும் இறங்குகிறது.

இவ்வளவு பெட்ரோல் உள்ளே போவதற்குப் பெரும்பாலும் ஓட்டுநரே காரணம். கார்புரேட்டரில் ஆக்ஸிலேட்டர் பம்ப் என்ற சிறு உறுப்பு உண்டு. இன்ஜின் சுற்றினாலும் சுற்றாவிட்டாலும், மிதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது ஒரு பீச்சு பெட்ரோலை நேராக உள்ளே அடிக்கிறது. சோக்கை இழுத்து வைத்திருந்தால் காற்று வரும் வழியும் அடைபடுகிறது. குளிர்ந்த இன்ஜினுக்கு அது தேவைதான். முன்பே சூடேறிய இன்ஜினுக்கோ அதுவே கேடு.

இதற்குத் தீர்வு காற்றைக் கூட்டுவது. பத்து, பதினைந்து நிமிடம் காத்திருந்து, வாடை அடங்கிய பிறகு சோக்கை முழுவதும் உள்ளே தள்ளிவிட்டு, ஆக்ஸிலேட்டரை ஒரே முறை மெதுவாகத் தரை வரை அழுத்தி, காலை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். காற்று வழி அகலத் திறந்திருக்க, செல்ஃப் சுற்றும் குறைந்த வேகத்தில் கார்புரேட்டரின் உறிஞ்சல் மிகப் பலவீனமாக இருப்பதால், புதிய பெட்ரோல் அதிகம் வராமல் காற்று மட்டும் தாராளமாகப் புகுந்து உள்ளே தேங்கியதை வெளியேற்றுகிறது. ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் சுற்றாமல், இடையில் மோட்டார் ஆற நேரம் கொடுப்பது அவசியம். கார்புரேட்டருக்குப் பதிலாகக் கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றிலும் இதே முறை பலிக்கிறது. மிதி முழுவதும் அழுந்திய நிலையில் செல்ஃப் அடித்தால், கணினி இன்ஜெக்டர்களை நிறுத்திவைக்கிறது.

வாடை பலமாக இருக்கும்போதோ, எங்காவது ஈரம் சொட்டும்போதோ சாவியைத் தொடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதால் பள்ளமான இடங்களில் தேங்கும்; செல்ஃப் மோட்டாரின் சிறு பொறியே அதைப் பற்றவைக்கப் போதும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்ற நேர்ந்தால், துளைகள் வழியே ஆவி பீறிட்டு வருமாதலால், முதலில் பொறிக்கான மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயிலின் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

மிதியைத் தொடாமலே அடிக்கடி ஓவர்ஃப்ளோ ஆனால், கார்புரேட்டரின் மிதவை அறையைச் சந்தேகிக்கலாம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதவை உயர்ந்ததும் குழாய் அடைபடுவதைப் போலவே, இங்கும் பெட்ரோல் மட்டம் ஏறியதும் மிதவை ஓர் ஊசி வால்வை மேலே தள்ளி வரத்தை அடைக்கிறது. ஊசிக்கும் அதன் இருக்கைக்கும் இடையே ஒரு துகள் சிக்கினாலோ, ஊசி முனையில் தேய்ந்து பள்ளம் விழுந்தாலோ அடைப்பு முழுமை பெறாது. பித்தளை மிதவையில் மயிரிழை வெடிப்பு விழுந்தால், பெட்ரோல் உள்ளே புகுந்து அது கனத்து அமிழ்ந்துவிடும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே திரவம் தளும்புவது கேட்கும். இன்ஜின் ஓடி நின்றவுடன் ஏர் ஃபில்டரைக் கழற்றி, டார்ச் ஒளியில் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பார்க்கும்போது முதன்மைக் குழல் முனையிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தால், கோளாறு பெரும்பாலும் இந்த அறையில்தான்.

ஆனால் சித்திரை வெயிலில் நெடுந்தூரம் ஓடி நிறுத்திய வண்டியில் இதே சொட்டு தென்பட்டால் உடனே மிதவையைக் குறை சொல்வது சரியன்று. ஃபேனும் குளிர்நீர்ச் சுழற்சியும் நின்றதும் இன்ஜினின் சூடு கார்புரேட்டருக்கு ஏறுகிறது. பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்குவதால், மிதவை அறையில் குமிழியிட்டு உள்ளே வழிகிறது. கார்புரேட்டருக்கு அடியிலுள்ள வெப்பத் தடுப்புத் துண்டை யாரேனும் கழற்றிப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது நல்லது.

வண்டி சீராக ஓடியும் வாடை விடாவிட்டால் ரப்பர் குழாய்களைக் கவனிக்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2023 முதல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் வெகு காலத்துக்கு முந்திய வண்டிகளின் ரப்பர் எத்தனாலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. குழாயை விரலால் வளைத்துப் பார்த்து, வெடிப்போ உப்பலோ பிசுபிசுப்போ தெரிந்தால், எத்தனாலுக்கு ஏற்ற குழாயாக மாற்றிவிட வேண்டும்.

கார்புரேட்டருக்குப் பெட்ரோலை ஏற்றும் பம்ப்பின் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் வெளியே எதுவும் சொட்டாமலும் போகலாம். பெட்ரோல் ஓசையின்றி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை உருவிப் பார்க்கையில் மட்டம் முன்பைவிட உயர்ந்து, ஆயில் நீர்த்துப் பெட்ரோல் வாடை அடித்தால், பம்ப்பைச் சரிசெய்து ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றும் வரை இன்ஜினை ஓட்டக் கூடாது.