தபேலாவின் முதல் அடி எங்கே போனது?

கொடைக்கானல் மலைக் கிராமமான பூம்பாறையில் ஒரு வீட்டுத் திண்ணை. பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டே அப்பாவும் மகனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "2000-க்கு அப்புறம் வந்த பாட்டெல்லாம் குப்பைடா, ஒண்ணுகூட மனசுல நிக்கல" என்றார் அப்பா. கல்லூரியில் படிக்கும் மகன் விடவில்லை. "உங்க எண்பதுகள்ல பாதிப் பாட்டு ஒரே மாதிரிதானேப்பா இருக்கு?" அப்புறம் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்க அறிவியல் எழுதுறவரு. எந்தக் காலத்துப் பாட்டு ரொம்ப மோசம்? நீங்களே சொல்லுங்க."

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று மூளையைப் பற்றியது, மற்றது ஒலியைப் பற்றியது. மூளையை முதலில் முடித்துவிடுவோம்.

மாரிஸ் ஹோல்ப்ரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் பல வயதுக்காரர்களிடம் வெவ்வேறு ஆண்டுகளின் பாட்டுகளைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். முடிவு 1989-இல் வெளியானது. தங்களுக்கு 23, 24 வயது இருக்கும்போது வந்த பாட்டுகளைத்தான் மக்கள் அதிகம் விரும்பினார்கள். ஆக, அப்பாவின் பொற்காலம் பாதி அவருடைய இளமைதான். மீதிப் பாதி சல்லடையின் வேலை. எண்பதுகளில் ஆண்டுக்கு நூறு படங்களுக்கு மேல் வந்தன. அவற்றின் பாட்டுகளில் இன்று ரேடியோவில் போடுவது ஒரு கைப்பிடி. மோசமானவற்றைக் காலம் சலித்துத் தள்ளிவிட்டது. இந்த ஆண்டுப் பாட்டுகளை இன்னும் யாரும் சலிக்கவில்லை.

மகனின் வாட்ஸ்அப்பில் இன்னொரு விளக்கமும் வந்திருந்தது: பாட்டு கெட்டதற்கு இசைக்கருவிகளைச் சுருதி சேர்க்கும் 440 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 440 அதிர்வு) அளவுதான் காரணம், 432-க்கு மாற்றினால் நோய்கூடக் குணமாகும் என்று. இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நம் பாடகர்கள் அவரவர் குரலுக்கு ஏற்ற கட்டையில்தான் எப்போதும் பாடுகிறார்கள். ஒரே கீர்த்தனை ஒன்றரைக் கட்டையிலும் கேட்கிறோம், ஐந்து கட்டையிலும் கேட்கிறோம். இதை நம்பி யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்பது என் கவலை.

சரி, இனி ஒலிக்கு வருவோம். காலப்போக்கில் உண்மையாகவே மாறிய, கருவியால் அளக்க முடிந்த ஒன்று இங்கே இருக்கிறது. பார்சிலோனாவில் ஜோன் செர்ரா குழுவினர் 1955 முதல் 2010 வரையிலான சுமார் 4.6 லட்சம் மேற்கத்தியப் பாட்டுகளைக் கணினியில் அலசி 2012-இல் வெளியிட்டார்கள். பாட்டுகளின் சத்தம் தொடர்ந்து ஏறிக்கொண்டே போயிருந்தது.

சிடியில் சத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒலி அலையின் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். அந்த எண் 32,767-ஐத் தாண்ட முடியாது. சத்தத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் இந்தக் கூரையைப் பூஜ்யம் என்பார்கள்; மற்றதெல்லாம் அதற்குக் கீழே. கூரையை உயர்த்த முடியாதபோது பாட்டை எப்படி இன்னும் சத்தமாக்குவது? பள்ளத்தை மேலே தூக்கினால் போதும். அதைச் செய்யும் கருவிதான் கம்ப்ரெஸர். அதன் வேலை எனக்கு எப்போதும் அதிசயமாகவே இருக்கிறது.

ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் மெல்லிய ஹம்மிங், கூரைக்கு 30 டெசிபல் கீழே. பிறகு தபேலா விழுகிறது, கூரைக்கு 2 டெசிபல் கீழே. இடைவெளி 28. கம்ப்ரெஸரில் ஒரு கோடு போடுகிறோம்: கூரைக்கு 22 கீழே. அந்தக் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு 4 டெசிபலையும் 1 டெசிபலாகச் சுருக்கு என்கிறோம். தபேலா கோட்டுக்கு மேலே 20 போயிருந்தது. அது 5 ஆகிவிடும். இப்போது தபேலா கூரைக்கு 17 கீழே நிற்கிறது. ஹம்மிங்கோ கோட்டுக்கு அடியிலேயே இருப்பதால் அப்படியே இருக்கிறது. இனி மொத்தப் பாட்டையும் 15 டெசிபல் தூக்கலாம். தபேலா பழைய உயரத்துக்கே வந்துவிட்டது. ஹம்மிங் மட்டும் 15 டெசிபல் ஏறி அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது. 28 ஆக இருந்த இடைவெளி இப்போது 13.

இதில் 'அட்டாக்' என்று ஒரு திருகு உண்டு. உரத்த ஒலி வந்தபின் எத்தனை மில்லிசெகண்டில் அதை முழுசாக அமுக்குவது என்பதை அது தீர்மானிக்கிறது. 30 என்று வைத்தால், கருவி முழுசாக விழித்துக்கொள்வதற்குள் தபேலாவின் முதல் தட்டு தப்பித்து வந்துவிடும். விரல் தோலில் படும் அந்தக் கூர்மை நம் காதுக்குக் கிடைக்கும். 1 என்று வைத்தால் முனை மழுங்கிவிடும். அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலக் கேட்கும். அதே விரல், அதே தபேலா!

ஏன் இப்படி அமுக்கினார்கள்? ஒரே பாட்டை இரண்டு முறை போட்டு, இரண்டாம் முறை சத்தத்தைக் கொஞ்சமே கூட்டினால், பெரும்பாலானவர்கள் இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்பார்கள். சத்தம் கூடும்போது தாழ்ந்த சுருதியில் வரும் ஒலிகளை நம் காது கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். அதனால் அடுத்தவர் பாட்டைவிட நம் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டி தொண்ணூறுகளில் முற்றியது. மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ராக் குழுவின் 2008 ஆல்பம் ஒரு வீடியோ கேமில் அவ்வளவு அமுக்கப்படாமல் வந்திருந்தது. அதைக் கேட்ட ரசிகர்கள், ஆல்பத்தையே மறுபடி கலந்து வெளியிடச் சொல்லி ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார்கள்.

ஆனாலும் கம்ப்ரெஸரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பஸ்ஸில் அதன் அருமை தெரியும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் இன்ஜின் அலறும்போது பழைய பாட்டின் ஹம்மிங் காணாமல் போய்விடும். அடுத்த வளைவில் தபேலா மட்டும் திடீரென்று வந்து விழும். புதுப் பாட்டு முழுசாகக் கேட்கும். அதே இரண்டு பாட்டையும் பூம்பாறையின் ராத்திரி அமைதியில் ஹெட்போனில் கேட்டால் கதை தலைகீழ். புதியது பத்து நிமிஷத்தில் காதைக் களைப்பாக்கிவிடுகிறது. பழையது மூச்சுவிட இடம் கொடுக்கிறது.

ஆக, என் தீர்ப்பு இது: மெட்டை வைத்து எந்தக் காலத்தையும் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஒலிப்பதிவை வைத்துச் சொன்னால், தொண்ணூறுகளின் பிற்பாதி முதல் 2010 வரை. இப்போது ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவை எல்லாப் பாட்டையும் அளந்து, அதிகமாகக் கத்துவதைத் தாமே குறைத்துவிடுகின்றன. அமுக்கியும் பலனில்லை.

ஒரு ஆதங்கமும் உண்டு. இதே கொடைக்கானல் வானாய்வகம் நூறு ஆண்டுக்கு மேலாக எடுத்த சூரியப் படங்களைப் பத்திரப்படுத்தி, கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். நம் பாட்டுகளின் மூல நாடாக்களுக்கும் அப்படி ஓர் இடமும் நிதியும் வேண்டும். அமுக்குவதற்கு முன்னால் அந்தத் தபேலா எப்படி ஒலித்தது என்பது அந்த நாடாவில்தான் இருக்கிறது.

அன்று ராத்திரி மகனின் மடிக்கணினியில் ஒரு தபேலா ஒலியை ஏற்றி, இலவச மென்பொருள் ஒன்றில் அந்தத் திருகை அவன் கையிலேயே கொடுத்தேன். 1-இல் வைத்து ஒருமுறை போட்டான். 30-க்குத் திருப்பி இன்னொரு முறை போட்டான். பிறகு ஹெட்போனைக் கழற்றி, பூண்டு வாசம் போகாத அப்பாவின் காதில் மாட்டிவிட்டான். "இப்போ கேளுங்கப்பா" என்றான்.