மதுரைக்குப் பஸ் ஏறும் குடும்பங்களுக்கு: மனநலச் சட்டம் என்ன சொல்கிறது?

கீழக்கரையிலோ தொண்டியிலோ ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மனநோய் என்று தெரிந்ததும், ராமநாதபுரம் அரசு மருத்துவமனையை விட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறுகிற குடும்பங்கள் உண்டு. மதுரை மாத்திரைக்குத் தனி வீரியம் என்பதால் அல்ல. சீட்டு வாங்கும் வரிசையில் தெரிந்த முகம் ஏதாவது நின்றுவிடுமோ என்ற பயம். தங்கைக்கு வரன் பார்க்கும் வீடென்றால் பயம் இரட்டிப்பாகும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசு வற்றினால், முதலில் நிற்பது இந்தப் பயணம்; அதோடு மாத்திரையும் நிற்கிறது.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இந்தப் பயத்தைத் தொடுகிறது. நோயாளியைப் பற்றிய தகவலை ரகசியமாகக் காக்க வேண்டியது சிகிச்சை தருவோரின் கடமை என்கிறது 23ஆம் பிரிவு. பிறருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. உறவினரின் ஆவலும் சம்பந்தி வீட்டாரின் விசாரிப்பும் அதில் சேரா. சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரவும் கூடாது.

என் பார்வையில் 3ஆம் பிரிவுதான் முக்கியம். முன்பு ஒருமுறை சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து இன்றைக்கும் அவரை மனநோயாளி என்று முடிவு செய்ய முடியாது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ‘புத்தி சுவாதீனம் இல்லாதவர்’ ஆகிவிடவும் மாட்டார். அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க அண்ணன் தம்பிகள் அவசரப்படும் வீடுகளில் இந்த வரியை உரக்கப் படித்துக் காட்டலாம்.

மனநோய் மீதான இழிவுப் பார்வையைக் குறைக்கும் பணிகளைத் திட்டமிட்டு, நிதி ஒதுக்கி நடத்துவதும், போலீசார் உள்ளிட்ட அரசு அலுவலர்களுக்கு இதுபற்றிப் பயிற்சி தருவதும் 30ஆம் பிரிவின்படி அரசின் கடமை. ஆகவே ஊரில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் கேட்டு மனு எழுதுவது சலுகை கேட்பதாகாது.

இந்தக் கடற்கரைக்கு அந்தக் கடமை கூடுதலாகவே உண்டு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தர்கா ஊரான ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை; 28 பேர் இறந்தார்கள். இன்று 95ஆம் பிரிவு, எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வீட்டிலேயே ஒருவர் கொடுமைப்படுத்தப்படுவதாகக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்குத் தெரிந்தால், அவர் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். தர்காவில் துவா செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. துவாவும் நடக்கட்டும், மாத்திரையும் நிற்காதிருக்கட்டும்.

செலவு? வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, அதற்கான அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம். வீடற்றவர்களுக்கும் அப்படியே. உரிமை மறுக்கப்பட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம்.

நோய் தணிந்திருக்கும் நாளில் செய்துவைக்க வேண்டிய வேலை ஒன்று: தன் சார்பில் பேச யார் வேண்டும் என்பதை, வயது வந்த நோயாளி தானே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்துத் தரலாம். அக்காவும் ஆகலாம், நண்பனும் ஆகலாம். அவரும் வயது வந்தவராக, அந்தப் பொறுப்பைச் செய்யும் திறன் உள்ளவராக இருந்து, எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனைக்குப் பிறகும் வரிசையில் நிற்கக் கூச்சம் தீரவில்லையா? 14416 என்ற அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். குடும்பத்தாரும் பேசலாம். அங்கே யாரும் முகம் பார்ப்பதில்லை.