ராக் இசையில் பாறை எங்கிருந்து வந்தது?

தில்லியின் இந்தியன் ஓஷன் என்ற ராக் இசைக்குழுவை "இந்தியப் பாறை இசைக்குழு" என்று எழுதுவதை இன்னும் எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது? நேற்றும் ஒரு கட்டுரையில் படித்தேன். அதற்காகத்தான் இந்த விளக்கம்.

ஆங்கிலத்தில் ராக் என்ற ஒலிப்பில் இரண்டு சொற்கள் உண்டு. பாறையைக் குறிப்பது பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மற்றது 'ஆட்டு, அசை' என்ற வினை. தொட்டிலை ஆட்டுவதற்கு ஆங்கிலத்தில் அதைத்தான் சொல்வார்கள். நம் தாலாட்டுக்குள் இருக்கும் அதே ஆட்டு. இரண்டுக்கும் உறவே கிடையாது. அலையில் கப்பல் ஆடுவதையும் உருளுவதையும் சொல்லும் ராக், ரோல் இரண்டும் 1922-இல் அமெரிக்கப் பாடகி ட்ரிக்ஸி ஸ்மித் பாடிய ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) பாட்டின் தலைப்பிலேயே சேர்ந்து வந்துவிட்டன. 1950-களில் அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் தன் நிகழ்ச்சிகளில் ராக் அண்ட் ரோல் என்ற பெயரைப் பரப்பினார். அதன் சுருக்கம்தான் ராக்.

பாறை இசைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். "ஒலி கனமாக, உறுதியாக இருக்கிறது, பாறை பொருந்துகிறதே" என்பார்கள். பொருந்துவதுபோல் தோன்றுவதால் சொல்லின் பொருள் மாறிவிடுமா? இந்தியன் ஓஷனின் 'கந்தீசா'வையே கேட்டுப் பாருங்கள். 2000-இல் வந்தது. கேரளத்து சிரியன் கிறித்தவர்களின் அரமேய மொழி வழிபாட்டிலிருந்து எடுத்த பாட்டு. மெதுவாக, வேண்டுதலாகத் தொடங்குகிறது. அசீம் சக்ரவர்த்தி தபலா வாசித்தபடியே பாடியவர். அவரோடு சுஷ்மித் சென்னின் கிட்டார், ராகுல் ராமின் பேஸ் கிட்டார், அமித் கிலாமின் டிரம்ஸ். கேட்கிற உடம்பு தானாக ஆடத் தொடங்கும். இதில் பாறையை எங்கே தேடுவது?

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் பெயரில் கல் இருக்கிறதே என்று ஒருவர் வாதாடினார். அந்தப் பெயர் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் 1950-ஆம் ஆண்டுப் பாட்டிலிருந்து எடுத்தது. இசை வகையின் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாறையை ஒப்புக்கொண்டால் அப்புறம் ஹார்ட் ராக் கடினப் பாறையாகும், சாஃப்ட் ராக் மென்பாறையாகும், புரோகிரசிவ் ராக் முற்போக்குப் பாறையாகும். படிக்கிறவருக்கு இசை நினைவுக்கு வருமா, நிலவியல் நினைவுக்கு வருமா?

சரி, தமிழில் என்ன சொல்வது? அசைவிசை, ஆட்டிசை என்று ஆக்கலாம். பொருள் சரிதான், ஆனால் யார் வாயிலும் ஏறாது. ஆடலிசை என்றால் நடனத்துக்கான இசை. துள்ளிசையை பாப் இசைக்குக் கொடுத்தாயிற்று. நான் 'ராக் இசை' என்றே எழுதுவேன். கர்நாடக இசைக்கு பாலுசுவாமி தீட்சிதர் கையிலெடுத்த வயலின் இன்றும் வயலினாகவோ பிடிலாகவோதான் நம் கச்சேரியில் இருக்கிறது. தமிழ் அதனால் குறைந்துவிடவில்லை. தப்பான தமிழ்ச்சொல்தான் கெடுதல், ஏனென்றால் அது பொருளையும் சேர்த்துக் கெடுக்கிறது.

வெவ்வேறு இசை மரபுகளைச் சேர்த்து வாசிக்கும் ஃபியூஷனுக்கு மட்டும் தமிழ் கட்டாயம் வேண்டும். உருக்கி வார்ப்பதைச் சொல்லும் இலத்தீன் வேர் அது. கலப்பிசை என்கிறார்கள். எனக்கு அதில் கலப்படத்தின் வாடை அடிக்கிறது. அணுக்கரு இணைவு என்று பள்ளிப் பாடத்திலேயே படித்தோமே, அந்த இணைவு இருக்கும்போது ஏன் வேறு? 'இணைவிசை' போதும். தபலாவும் டிரம்ஸும் ஒரே தாளத்தில் ஓடுவதற்கு அது பொருந்தும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள், பாட்டை ஒருமுறை கேட்பதில்லை. குழுவின் பெயரைக்கூட விடுவதில்லை. இந்தியன் ஓஷன் என்பது பெயர், அப்படியே எழுதுங்கள். "இந்தியப் பெருங்கடல் 1990-இல் தில்லியில் தோன்றியது" என்று எழுதினால் படிக்கிறவர் என்ன நினைப்பார்?