கறி ஏன் சிவக்க மாட்டேன் என்கிறது?

போன டிசம்பரில் ஏற்காட்டில் அரை கிலோ கறியை அவித்துக் கெடுத்தேன். வறுக்கத்தான் நினைத்தேன். ஸ்டேக் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று மச்சான் அடம்பிடித்ததால் சேலத்திலேயே அண்டர்கட் வாங்கிக்கொண்டு மலையேறினோம். அண்டர்கட் என்பது மாட்டின் இடுப்புப் பக்கம் முதுகெலும்புக்கு அடியில் ஓடும் நீளத் தசை. நடக்கவோ இழுக்கவோ பெரிதாக உழைக்காத தசை, அதனால் மென்மையாக இருக்கும். அதைப் பெருவிரல் தடிமனுக்கு வெட்டி, தயிர், எலுமிச்சைச் சாறு, இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள், மிளகாய்த்தூள் என்று கையில் கிடைத்ததை எல்லாம் பூசி ராத்திரி முழுக்க ஊறவைத்தோம். மறுநாள் மத்தியானம் நான்ஸ்டிக் தவாவில் போட்டதும் ‘சுர்’ரென்று ஒரு சத்தம். பத்து நொடிகூட நிற்கவில்லை. சத்தம் சலசலப்பாக மாறியது, தவா முழுக்கக் கலங்கிய நீர் ஊறியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறி பழைய அலுமினியச் சட்டியின் நிறத்துக்கு வந்துவிட்டது.

அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பக்கத்தில் இருந்திருந்தால் “தண்ணி விட்டுருச்சு கண்ணு” என்று அதோடு முடித்திருப்பார். அந்த மூன்று வார்த்தையில் பாதி இயற்பியல் இருக்கிறது.

கறி சிவப்பதற்கு ஒரு பெயர் உண்டு: மயார் வினை. லூயி காமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் இதை விவரித்தார். புரதத்தின் அமினோ அமிலமும் குளுக்கோஸ் மாதிரியான சில சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து, உடைந்து, மறுபடி சேர்ந்து நூற்றுக்கணக்கான புதுப் பொருட்களாக மாறுகின்றன. நிறம், மணம், அந்த லேசான கசப்பு எல்லாம் அவைதான். காபிக்கொட்டை வறுபடும் வாசனையிலும், தோசையின் முறுகிய ஓரத்திலும் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. பச்சைக் கறியை முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வறுபட்ட கறி தெருமுனை வரைக்கும் தெரியும். இந்த வினை சமையல் நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் நடக்க, கறியின் மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும்.

அங்கேதான் தண்ணீர் குறுக்கே நிற்கிறது. ஓர் இடத்தில் ஈரம் இருக்கும் வரை, கீழே எவ்வளவு தீ வைத்தாலும் அந்த இடம் 100 டிகிரிக்கு மேல் போகாது. வரும் சூடெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்தால் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மச்சானும் பழியைத் தூக்கி மலைமேலேயே போட்டான். நியாயமில்லை. ஈரம் போன பிறகு தவா எவ்வளவு சூடேறும் என்பதற்கும் காற்றழுத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அங்கே கறி சிவக்காவிட்டால் அது சமைத்தவர் குற்றம்.

எவ்வளவு குற்றம் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராமைக் கொதிநிலையில் ஆவியாக்க 2257 ஜூல் வேண்டும். எங்கள் கறியில் ஒட்டியிருந்த தயிர், எலுமிச்சை ஈரம் 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மேசைக்கரண்டிக்கும் குறைவு. அதைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 51 கிலோஜூல் ஆகும். அந்த அலுமினிய நான்ஸ்டிக் தவா 700 கிராம் இருக்கும். ஒரு டிகிரி இறங்கும்போது அது தரும் வெப்பம் 630 ஜூல்தான். ஆக, 220 டிகிரியில் இருந்த தவா இந்த ஈரத்துக்கே 80 டிகிரி இழந்து 140க்கு வந்துவிடும். கறியைச் சூடாக்க வேண்டிய வெப்பம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. அடுப்பு கீழிருந்து தந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் வீட்டு அடுப்பால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அதற்குள் தசை சுருங்கித் தன் பங்குக்கு நீரைப் பிழிந்து விட ஆரம்பிக்கும். பிறகென்ன, அவியல்தான்.

இதே கணக்கை மூன்று கிலோ வார்ப்பிரும்புக் கல்லுக்குப் போட்டால் சூடு இறங்குவது 38 டிகிரி மட்டும். கல் 180க்கு மேலேயே நிற்கும். சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட இரும்பு மிக மந்தம், ஆனால் இங்கே வேண்டியது வேகமில்லை, இருப்பு. கனமான கல் சூட்டைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும். கஞ்சமலை இரும்புத் தாதுவைப் பார்த்தபடி வளர்ந்த ஊர்க்காரனுக்கு இதை அலுமினியத் தவா சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது கொஞ்சம் வெட்கம்தான். சேலம் உருக்காலை பெயர் வாங்கியது எவர்சில்வரில். அதையும் இந்த வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மெல்லிய எவர்சில்வர் தட்டில் சூடு பரவுவது மிக மெதுவாக நடக்கும், தீ படும் இடம் கருகும், ஓரம் பச்சையாகவே கிடக்கும். வீட்டில் நன்றாகப் பழகிய தோசைக்கல் ஒன்று இருந்தால் போதும். அதன் மேல் கருப்பாகப் படிந்திருப்பது வெறும் அழுக்கென்று யாராவது தேய்க்கப் போனால் கையைப் பிடித்துத் தடுங்கள். எண்ணெய் பலமுறை காய்ந்து இறுகி, வார்னிஷ் மாதிரி ஆன படலம் அது.

கல் காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள தோசைக்குச் செய்வது போலவே தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம், ஆனால் விடை வேறாக இருக்க வேண்டும். தோசைக்குத் துளி ‘சொய்’யென்று பரவி மறைந்தால் போதும். கறிக்கு அந்தத் துளி மறையாமல், பாதரசம் மாதிரி உருண்டு ஓட வேண்டும். கல் 200 டிகிரியை நெருங்கும்போது துளிக்கு அடியில் ஆவி ஒரு மெத்தையாக நின்று அதைத் தூக்கிப் பிடிக்கிறது. லைடன்ஃப்ரோஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 1756இல் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் நீர்த்துளி விட்டு இதைப் பார்த்து எழுதினார். நம் பாட்டிமார் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, ஊறவைத்ததற்கு வருவோம். அன்று வெந்த துண்டைக் குறுக்கே வெட்டியபோது ஒன்றைக் கவனித்தேன். மஞ்சள் நிறம் ஓரத்தில் மட்டும், ஒரு கோடு போல இருந்தது. இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அதற்கு உள்ளே மசாலா வந்துபோன அடையாளமே இல்லை. பன்னிரண்டு மணி நேரம் ஊறிய கறி! மஞ்சளின் நிறப்பொருளும் மிளகாயின் காரமும் கொழுப்பில் கரைபவை. நீர் நிறைந்த தசைக்குள் அவை ஊடுருவிப் போவதில்லை. பூண்டு, கறிவேப்பிலை வாசனைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். ‘மசாலா நன்றாக உள்ளே இறங்கட்டும்’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் நம்பிக்கை. கத்தியால் கீறி விட்டால் கீறல் வரை இறங்கும்.

உண்மையில் இறங்குவது உப்பு. அதன் அயனிகள் சிறியவை, நீரில் கரைபவை, மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருக்கும். உப்புத் தூவிய கறியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முதல் பத்து நிமிடத்தில் மேலே வியர்வை மாதிரி நீர் கோத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கல்லில் போடுவதுதான் மிக மோசமான தருணம். முக்கால் மணி நேரம் போனால் அந்த உப்புநீர் மறுபடி உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். உள்ளே போன உப்பு மயோசின் என்ற தசைப் புரதத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறது. தளர்ந்த புரதம் சூட்டில் அவ்வளவு இறுக்கமாகச் சுருங்காது, நீரையும் கூடுதலாகப் பிடித்து வைக்கும். கிலோவுக்கு 12 கிராம், அதாவது தலை தட்டிய இரண்டு டீஸ்பூன் தூளுப்பு, என் நாக்குக்குச் சரி.

புளிப்பு விஷயம் வேறு. தயிரும் எலுமிச்சையும் மேல் அடுக்கை மட்டும் தொடுகின்றன. தயிர் மிதமான புளிப்பு, பெரிய கெடுதல் செய்யாது. எலுமிச்சை நேரமானால் மேற்பரப்பை வெளுக்க வைத்து மாவாக்கிவிடும். இதில் இன்னொரு உள்குத்து இருக்கிறது. புளிப்பு மயார் வினையையே மந்தமாக்குகிறது. சர்க்கரையோடு சேர வேண்டிய அமினோ பகுதியின் கையை அமிலம் கட்டிப்போட்டுவிடும். நாங்கள் ஈரத்தையும் ஏற்றி, சிவப்பதையும் தடுத்து, அதற்குப் பிறகு ஏன் சிவக்கவில்லை என்று கேட்டிருக்கிறோம். இதற்கு நேர் எதிர், ஒரு சிட்டிகை ஆப்பசோடா. புளிப்புக்கு எதிரான காரத்தன்மை வந்ததும் கறி சட்டென்று சிவக்கும். சிட்டிகை என்பது சிட்டிகையாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோப்பு ருசி.

பப்பாளிக்காயும் இஞ்சியும் புரதத்தை வெட்டும் என்சைம்கள் கொண்டவை. பப்பாளியின் பப்பெய்ன் 60 முதல் 70 டிகிரியில்தான் மும்முரமாக வேலை செய்யும். ஃபிரிட்ஜ் குளிரில் அது பாதித் தூக்கத்தில் இருக்கும், கறி சூடேறும்போது விழித்துக்கொள்ளும். கொஞ்சம் அதிகமாகப் போட்டால் மேலே சேறு, நடுவில் பழைய ரப்பர். ஒரு பிரியாணியில் அனுபவப்பட்டிருக்கிறேன்.

ஆக, உப்பை முந்தின நாளே போட்டு, மூடாமல் ஒரு கம்பித்தட்டில் ஃபிரிட்ஜுக்குள் வைப்பது நல்லது. பச்சைக் கறி என்பதால் அடித்தட்டில் வைக்க வேண்டும். ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜின் உள்ளே ஓடும் காற்று மிகவும் உலர்ந்தது. அதன் ஈரமெல்லாம் குளிர்ந்த சுருள் குழாயில் போய்ப் படிந்துவிடும். ஏற்காட்டில் மூடுபனிக்குக் கொடியில் போட்ட துண்டு இரண்டு நாளானாலும் காயாது. அதே வீட்டு ஃபிரிட்ஜில் கறியின் மேல்புறம் ஒரே ராத்திரியில் தோல் மாதிரி காய்ந்திருக்கும். விரல் வைத்தால் லேசாக ஒட்ட வேண்டும், நனையக் கூடாது.

பொங்கல் லீவில் சேலம் வீட்டிலேயே மறுபடி முயன்றோம். உப்பு மட்டும் போட்டு உலர்த்திய துண்டு, பத்து நிமிடம் காய்ந்த தோசைக்கல், ரீஃபைண்டு கடலெண்ணெய். செக்கு நல்லெண்ணெய்க்கு இந்தச் சூடு தாங்காது, புகைந்துவிடும். இந்த முறை ‘சுர்’ சத்தம் நிற்கவே இல்லை. முப்பது நொடிக்கு ஒருமுறை திருப்பிப் போட்டேன். ஒரே ஒரு தடவைதான் திருப்ப வேண்டும் என்று மச்சான் எங்கோ கேட்டு வந்திருந்தான். அடிக்கடி திருப்பினால் இரண்டு பக்கமும் சீராகச் சூடேறும், வேகமாகவும் வேகும். மிளகாய்த்தூளை இந்தச் சூட்டில் போட்டால் கருகி வீடே இருமும் என்பதால் இறக்கும்போது ஏற்காட்டு மிளகை மட்டும் இடித்துத் தூவினோம். அங்கே காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் படர்கிற மிளகு.

மேலே சிவக்க வைத்தால் சாறு உள்ளே பூட்டப்பட்டுவிடும் என்பது லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1847 வாக்கில் பரப்பிய கருத்து, இன்னமும் சாகவில்லை. அது தவறு. கல்லில் கேட்கும் சுர் சத்தமே சாறு வெளியே வந்து ஆவியாகிற சத்தம்தானே. சாறு தங்குவது உள்சூட்டைப் பொறுத்தது. 50 டிகிரியில் மயோசின் சுருங்கத் தொடங்கும், 66க்கு மேல் ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் சுருங்கி ஈரத்துணி பிழிவது மாதிரி பிழியும். உள்ளே சிவப்பாக விடுவதை நான் செய்வதில்லை. கொத்தாத முழுத் துண்டுக்கு 63 டிகிரி, அதன் பிறகு மூன்று நிமிடம் விட்டு வைப்பது என்பது அமெரிக்க விவசாயத் துறையின் அறிவுரை. அதற்கு ஒரு குத்துத் தெர்மாமீட்டர் வேண்டும். தட்டில் கசியும் சிவப்பு நீர் ரத்தமென்று பயப்பட வேண்டாம், அது மயோகுளோபின், தசையின் நிறப்பொருள்.

இந்த வித்தையெல்லாம் இளந்தசைக்கு மட்டும். மேச்சேரிக் கிடாவின் தொடைக்கறியை இப்படிக் கல்லில் போட்டால் மெல்லவே முடியாது. அதில் கொலாஜன் அதிகம். அது கரைந்து ஜெலட்டினாக மாற ஈரமும் சூடும் நேரமும் வேண்டும். அம்மாயியின் வறுவல் அதைத்தான் செய்கிறது, வரிசையைத் தலைகீழாக்கி. முதலில் மூடி போட்டு, கறி விடும் தண்ணீரிலேயே வேகவிடுவார். பிறகு மூடியைத் திறந்து நீரை வற்றடிப்பார். வற்றும் வரை சட்டியைப் பார்க்கவே மாட்டார், வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். சலசலவென்று இருந்த சத்தம் ஒரு கட்டத்தில் சடசடவென்று மாறும். தண்ணீர் தீர்ந்து எண்ணெய் மட்டும் மிஞ்சிய சத்தம் அது. அதாவது சட்டி 100 டிகிரி என்ற தடையைத் தாண்டிவிட்டது. அப்போதுதான் எழுந்து வந்து கரண்டியைக் கையில் எடுப்பார்.

கறியை எடுத்த பிறகு அடியில் பழுப்பாகப் பிடித்திருப்பதில் பெரும்பகுதி நீரில் கரையும். இவ்வளவு நேரம் விரட்டிய தண்ணீரை இப்போது ஒரு கை தெளிக்கலாம். அம்மாயி அதைக்கூடச் செய்ய மாட்டார், சூடான சோற்றை அப்படியே சட்டியில் கொட்டிப் பிரட்டுவார். சோற்றின் ஈரமே அந்தப் பிடிப்பை வழித்துக் கொடுத்துவிடும். தோசைக்கல்லிலும் அது நடக்குமா என்று மச்சான் கேட்டான். ஓரமில்லாத கல்லில் சோறு கொஞ்சம் அடுப்பில் சிந்தியது. மிச்சத்தை இரண்டு பேரும் நின்றுகொண்டே தின்றோம்.