ஒரு பவுண்டு தானியமும் ஓர் உடம்பும்

1876இல் சேலத்தில் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். சென்னை மாகாணம் முழுக்க நிவாரண வேலைகள் தொடங்கின. சாலை போடுவது, ஏரிக்கரை உயர்த்துவது, ஜல்லி உடைப்பது போன்ற வேலைகள். செலவு கட்டுக்கடங்காமல் போகிறது என்று 1877 ஜனவரியில் இந்திய அரசு ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பியது. ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் கூலியைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். இந்த அளவில் உழைக்கும் உடம்பு நிற்காது என்பது அவர் வாதம். சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று.

கார்னிஷ் சொன்னது சரியா என்று இன்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அத்தனை அரிசியில் ஏறக்குறைய 1,570 கலோரி இருக்கிறது. 50 கிலோ எடையுள்ள ஆண், பாயில் அசையாமல் படுத்திருந்தாலே இதயம், மூளை, கல்லீரல், சிறுநீரகம் ஓடுவதற்கு நாளைக்குச் சுமார் 1,300 கலோரி செலவாகும். மீதி 270. இது எவ்வளவு அற்பமான தொகை என்பது சேலத்துக்காரர்களுக்கு எளிதில் புரியும். ஊரின் தரைமட்டத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 1,200 மீட்டர் ஏற்றம். அதே 50 கிலோ மனிதர் கால்நடையாக மலையேறினால், தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு போவதற்கு மட்டும் குறைந்தது 550 கலோரி வேண்டும். தசை, தான் எரிப்பதில் கால்பங்கைத்தான் வேலையாக மாற்றும். மற்றது சூடாகப் போய்விடும். அப்படியிருக்க, வெயிலில் நாள் முழுக்கக் கல் உடைப்பவருக்கு 270 எந்த மூலைக்கு?

அந்தப் பற்றாக்குறையை உடம்பு தன்னிடமிருந்தே எடுத்துக் கட்டும். அதற்கு ஒரு முறை உண்டு. பஞ்ச காலத்தில் ஒரு குடும்பம் முதலில் கையிலிருக்கும் சில்லறையைச் செலவழிக்கும், பிறகு நகையையும் பாத்திரத்தையும் விற்கும், கடைசியில் கூரையின் உத்தரத்தைப் பிரித்து விற்கும். உடம்பின் வரிசையும் ஏறக்குறைய இதுதான்.

சில்லறை என்பது கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் குளுக்கோஸ். கல்லீரலில் சுமார் 100 கிராம் இருக்கும். முழுப் பட்டினி என்றால் ஒரு நாளில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தசைகளில் இதைப்போல நாலு மடங்கு இருந்தாலும், அதை அந்தந்தத் தசையே பயன்படுத்த முடியும். ரத்தத்துக்குத் திருப்பித் தர முடியாது. இதற்குள் ரத்தத்தில், சேமிக்கச் சொல்லும் ஹார்மோனான இன்சுலின் இறங்கி, சேமிப்பை வெளியே எடுக்கச் சொல்லும் குளுக்ககான் ஏறியிருக்கும். கொழுப்பறைகள் திறந்துகொள்ளும். உடம்பின் பெரிய சேமிப்பு அங்கேதான் இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை. மூளையால் கொழுப்பமிலத்தை எரிக்க முடியாது. நம் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளைக்கு, ஓய்வில் செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். கொழுப்பிலிருந்து குளுக்கோஸாக மாறுவது சொற்பமே. ஆகவே முதல் சில நாட்களில் உடம்பு உத்தரத்தில் கைவைக்கிறது: தசைப்புரதத்தை உடைத்து, கல்லீரலில் குளுக்கோஸாக மாற்றுகிறது. நாளொன்றுக்குச் சுமார் 75 கிராம் புரதம். புரதத்தின் எடையைப் போல நாலைந்து மடங்கு தசை அதோடு போகும். இந்த வேகத்திலேயே போனால் சில வாரங்களில் மூச்சுவிடும் தசைகள்கூட வலுவிழந்துவிடும்.

அப்படி நடப்பதில்லை என்பதுதான் என்னை எப்போதும் வியக்கவைக்கும் விஷயம். இரண்டு மூன்று நாட்களில் கல்லீரல் கொழுப்பமிலத்தைக் கீட்டோன்கள் என்ற சிறு எரிபொருள் துண்டுகளாக வெட்டத் தொடங்குகிறது. இவை மூளைக்குள் நுழையும். நீண்ட நாள் பட்டினி கிடப்பவரின் மூச்சில் பழவாடை அடிப்பது இதனால்தான். 1967இல் பாஸ்டனில் ஆலிவர் ஓவன், ஜார்ஜ் காஹில் குழுவினர், ஐந்தாறு வாரம் மருத்துவக் கண்காணிப்பில் உண்ணாதிருந்த மிகப் பருமனானவர்களின் மூளைக்குப் போகும் ரத்தத்தையும் அங்கிருந்து திரும்பும் ரத்தத்தையும் அளந்தார்கள். மூளையின் எரிபொருளில் மூன்றில் இரண்டு பங்கு வரை கீட்டோன்களாக மாறியிருந்தது. குளுக்கோஸ் தேவை குறைந்ததும் தசையிலிருந்து எடுப்பதும் நாளைக்கு 20 கிராம் புரதம் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. 1956இல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி விருதுநகரில் உண்ணாவிரதமிருந்த சங்கரலிங்கனார் எழுபது நாளுக்கு மேல் உயிரோடிருந்தது இந்த மாற்றத்தால்தான் முடிந்தது.

பஞ்சத்தில் பெரும்பாலோர் முழுப் பட்டினி கிடப்பதில்லை. அரைவயிறு, கால்வயிறு என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். அந்த நிலையை மிக நுணுக்கமாக அளந்தது அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 1944 நவம்பரில் தொடங்கிய சோதனை. போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரம் குறை உணவில் இருந்தார்கள். கொடுத்தது நாளைக்குச் சராசரியாக சுமார் 1,570 கலோரி. டெம்பிள் கொடுத்த அந்த ஒரு பவுண்டுக்கு இது ஏறக்குறைய சமம்! ஓர் அணாவுக்குப் பஞ்ச விலையில் என்ன கிடைத்திருக்கும் என்பதை விட்டுவிடுவோம். மினசோட்டாவில் அவர்களுக்கு விதித்த உழைப்பு, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. அவர்கள் கல் உடைக்கவில்லை. சோதனைக்கு முன்பு நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

அந்த இளைஞர்கள் எடையில் கால்பங்கை இழந்தார்கள். ஓய்வில் செலவாகும் ஆற்றல் 40 சதவீதம் வரை குறைந்தது. உடம்பு மெலிந்ததற்கு ஏற்றபடி குறைவது ஒரு பகுதி. அதற்கு மேலும் ஒவ்வொரு திசுவும் சிக்கனமாகிவிட்டது. தைராய்டு ஹார்மோனின் வீரியமான வடிவம் ரத்தத்தில் குறைவது இதற்கு ஒரு காரணம் என்று இப்போது தெரியும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 55இலிருந்து 35க்கு இறங்கியது. இதயமே சுருங்கியது. கோடையிலும் அவர்களுக்குக் குளிரெடுத்தது. முடி கொட்டியது. கால் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. சோற்றைத் தவிர வேறு நினைப்பில்லை. சமையல் புத்தகங்களை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு, சிரிப்பு, ஆசை எல்லாம் வற்றின. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதற்கே யோசித்தார்கள்.

பஞ்ச காலத்து அதிகாரிகளின் பெரிய கவலை, சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் பெருகிவிடுவார்களோ என்பது. நிவாரணம் வேண்டுமென்றால் வேலை செய்து காட்டு என்றார்கள். பசித்த உடம்பு அசைய மறுப்பது சோம்பல் அல்ல. மூளையின் ஹைப்போதலாமஸ், கொழுப்பு குறைவதை லெப்டின் என்ற ஹார்மோன் வழியே கணித்து, இன்றைக்கு உயிரோடிருக்கத் தேவையில்லாத ஒவ்வொன்றையும் அணைத்துக்கொண்டே வருகிறது. அந்த உடம்பிடம் வேலையைக் காட்டச் சொன்னது, உயிர் தப்ப அதற்கிருந்த ஒரே வழியை அடைத்ததற்குச் சமம். இதைச் சொல்லாமல் உடலியங்கியலை மட்டும் சொல்லிப் போக எனக்கு மனம் வரவில்லை.

அணைக்கப்படுபவற்றில் கருவுறும் திறனும் ஒன்று. மாதவிலக்கு நின்றுவிடும். அதனால் பஞ்சத்துக்குப் பின் பிறப்புகளும் சரியும். கொழுப்புச் சேமிப்பு சற்றுக் கூடுதலாக இருப்பதால் பெண்கள் ஆண்களைவிட அதிகம் தாக்குப்பிடிப்பது பல பஞ்சங்களில் பதிவாகியிருக்கிறது. எதிர்ப்புச் சக்தியும் ஒடுங்குகிறது: குடலின் உட்சுவர் மெலிகிறது, வெள்ளணுக்கள் குறைகின்றன. பஞ்சத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோவது காலரா, சீதபேதி, மலேரியா போன்றவைதான். 1871இல் சேலம் மாவட்டத்தில் 19.67 லட்சம் பேர். தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அப்போது இதற்குள் அடங்கியிருந்தன. 1881இல் 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. செத்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், பிறக்காமலே போனவர்கள் எல்லாரும் அந்த வித்தியாசத்துக்குள் இருக்கிறார்கள்.

பட்டினி கிடந்தவருக்கு உடனே வயிறார இலை போட்டுப் பரிமாறத்தான் யாருக்கும் கை துடிக்கும். அதுவே ஆளைக் கொல்லலாம். 1945இல் நாஜி வதைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர் உணவு கிடைத்த பிறகு இறந்தார்கள். மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனதும் இன்சுலின் எகிறுகிறது. ரத்தத்தில் கொஞ்சநஞ்சம் மிஞ்சியிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் ஓடிவிடுகின்றன. சுருங்கிய இதயம் தாளம் தப்புகிறது. தயமின் வைட்டமின் இல்லாவிட்டால் மூளையும் பாதிக்கப்படும். கஞ்சித்தொட்டியில் நீர்க்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியது அளவில் நல்ல முறை. ஆனால் அரிசிக்கஞ்சி ஏறக்குறைய வெறும் மாவுச்சத்து. பாஸ்பேட்டும் தயமினும் சொற்பம்.

கடும் ஊட்டக்குறைவோடு வரும் குழந்தைகளுக்கு இன்று உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி முதலில் தருவது எஃப்-75 என்ற பால் கலவை. 100 மில்லியில் 75 கலோரிதான். புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும் எழுப்பி, சிறிது சிறிதாகப் புகட்டுவார்கள். பொட்டாசியமும் மக்னீசியமும் சேர்த்திருக்கும்; பாஸ்பேட் பாலிலேயே உண்டு. குழந்தை வெளிறியிருந்தாலும் முதல் சில நாட்கள் இரும்புச்சத்து கொடுப்பதில்லை. அப்போது அது கிருமிகளுக்கே தீனியாகும். வீக்கம் வடிந்து, குழந்தை தானாகப் பசித்து அழுத பிறகுதான் கூடுதல் ஆற்றலுள்ள எஃப்-100க்கு மாறுவார்கள்.