ஈக்குவடோரியல் கினி: பெயரும் பொருளும்

ஈக்வடோரியல் கினியா, எக்குவடோரியல் கினி, இக்குவாட்டோரியல் கினி என்று ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள இந்தச் சிறு நாட்டின் பெயரைத் தமிழில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எண்ணெய் விலை சரிந்தால், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் கூடினால், குடியரசுத் தலைவரின் மகன் மீது வெளிநாட்டில் வழக்கு நடந்தால் பெயர் செய்திகளில் அடிபடும். மற்ற நாட்களில் யாரும் நினைப்பதில்லை. இதில் 'கினி' இடப்பெயர், 'ஈக்குவடோரியல்' அதற்கு வந்த அடைமொழி. இடப்பெயரை அப்படியே வைத்துக்கொண்டு அடைமொழியை மட்டும் தமிழாக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் கினி. 15ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி இறங்கிய போர்ச்சுகீசிய மாலுமிகள், சகாராவுக்குத் தெற்கே கறுப்பின மக்கள் வாழ்ந்த கரை முழுவதையும் 'கினே' என்றார்கள். வட ஆப்பிரிக்க பெர்பர் மொழிகளில் கறுப்பு மக்களைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து இது வந்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். மாலியில் உள்ள ஜென்னே என்ற பழைய வணிக நகரத்தின் பெயர்தான் திரிந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும், அந்தக் கரையில் இருந்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் இல்லை அது.

பெயர் அங்கேயே நிற்கவும் இல்லை. அந்தக் கரைத் தங்கத்தில் இங்கிலாந்து 1663இல் அடித்த நாணயம் 'கினி' ஆயிற்று. ஆப்பிரிக்க வணிகக் கம்பெனி கொண்டுவந்த தங்கம் என்பதற்கு அடையாளமாக அரசர் தலைக்குக் கீழே ஒரு குட்டி யானையையும் பொறித்தார்கள். நம் ஊர்த் தோட்டங்களில் பாம்பைக் கண்டால் கத்தித் தீர்க்கும் கினிக்கோழியும், மாட்டுக்குப் போடும் கினியாப் புல்லும் உண்மையிலேயே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. கினிப்பன்றி மட்டும் தென் அமெரிக்க விலங்கு, பெயர் எப்படி ஒட்டியது என்பதில் ஊருக்கு ஒரு கதை. 'கினிப் புழு' என்று ஐரோப்பியர் சொன்ன நோய்க்கு நம்மிடம் 'நரம்புச் சிலந்தி' என்ற சொந்தப் பெயரே இருக்கிறது. 1545இல் ஒரு ஸ்பானிய மாலுமி பசிபிக்கில் ஒரு பெரிய தீவைப் பார்த்து, மக்கள் கினிக் கரை மக்களைப் போல இருக்கிறார்கள் என்று 'புதிய கினி' எனப் பெயரிட்டார். ஆக இன்றைக்கு கினி, கினி-பிசாவு, பாப்புவா நியூ கினி, நம் கதாநாயகன் என நான்கு நாடுகள் இந்தப் பெயரைச் சுமக்கின்றன. அடைமொழி இல்லாவிட்டால் யாரை யார் என்று சொல்வது?

அடைமொழிக்கு வருவோம். ஈக்குவேட்டர் லத்தீன் சொல், 'சமமாக்குவது' என்று பொருள். பகலையும் இரவையும் சமமாக்கும் வட்டம் என்பது அதன் முழு வடிவம். சூரியன் அந்த வட்டத்தில் நிற்கும் நாளில் பகலும் இரவும் ஒரே அளவு. நம் பழைய சோதிடக் கணிதம் இதே கருத்தில்தான் 'விஷுவ' என்ற சொல்லை வைத்திருந்தது, சித்திரை விஷுவில் இருப்பதும் அதுவே. பிற்பாடு பூமத்திய ரேகை வந்தது. இலங்கைப் பாடநூல்கள் மத்திய கோடு என்றன. தமிழ்நாட்டில் நிலநடுக்கோடு நிலைத்துவிட்டது. நல்ல சொல்தான். லத்தீன் வானத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது, தமிழ் நிலத்தைப் பார்த்து வைத்தது.

இங்கே ஒரு வேடிக்கை. நிலநடுக்கோட்டின் பெயரைத் தாங்கிய இந்த நாட்டின் நிலத்தை அந்தக் கோடு எங்கேயும் தொடவில்லை. கமரூனுக்கும் காபோனுக்கும் நடுவே கண்டத்தில் இருக்கும் ரியோ முனி என்ற செவ்வகத் துண்டு கோட்டுக்கு வடக்கே. தலைநகராக இருந்துவந்த மலாபோ உள்ள பியோகோ தீவு இன்னும் வடக்கே, கமரூன் கரைக்கு எதிரே. அன்னோபோன் என்ற 17 சதுர கிலோமீட்டர் தீவு மட்டும் கோட்டுக்குத் தெற்கே தனியாகக் கிடக்கிறது. கோடு இந்தத் துண்டுகளுக்கு இடையே கடல்மேல் போகிறது. அது தொடும் தீவு பக்கத்து நாடான சாவோ தோமேயுடையது! மொத்த நிலப்பரப்பு 28,051 சதுர கிலோமீட்டர், கேரளத்தைவிடச் சிறியது. மக்கள் ஏறத்தாழ 18 லட்சம்.

தீவுகளின் பெயர்களில் ஆட்சி மாறிய கதை அப்படியே படிந்திருக்கிறது. 'அன்னோபோன்' என்றால் நல்ல ஆண்டு, அதாவது புத்தாண்டு. போர்ச்சுகீசியர் ஒரு ஜனவரி 1 அன்று கண்டதால் வைத்த பெயர். பியோகோவுக்கு அதைக் கண்ட மாலுமியின் பெயரால் பெர்னாண்டோ போ என்று பெயர். 1778இல் போர்ச்சுகல் இவற்றை ஸ்பெயினுக்குக் கொடுத்தது. இடையில் ஆங்கிலேயர் அடிமைக் கப்பல்களைப் பிடிக்க அங்கே முகாம் போட்டு, துறைமுகத்துக்குக் கிளாரன்ஸ் என்று பெயரிட்டார்கள். ஸ்பானியர் அதைச் சாந்தா இசபெல் ஆக்கினார்கள். 1973இல் அது பூபி இன அரசர் ஒருவரின் பெயரால் மலாபோ ஆயிற்று. அதே ஆண்டு முதல் குடியரசுத் தலைவர் பிரான்சிஸ்கோ மசியாஸ் இங்குவெமா தீவுக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார். 1979இல் அவர் விழுந்ததும் அந்தப் பெயரும் போய், பியோகோ வந்தது. நாட்டின் பெயரும் பழையது இல்லை. 'ஸ்பானிய கினி' என்றிருந்ததற்கு 1963-64இல் தன்னாட்சி கிடைத்தபோது இப்போதைய பெயர் வந்தது. முழு விடுதலை 1968 அக்டோபர் 12.

கண்டப் பகுதியின் பெரும்பான்மையினர் பாங் இனத்தவர், நாட்டிலும் அவர்களே பெரும்பான்மை. பியோகோவின் பழங்குடிகள் பூபிகள். கரையோரத்தில் இந்தோவே மக்கள். அன்னோபோனில் போர்ச்சுகீசியக் கலப்பு மொழி, மலாபோ தெருக்களில் ஆங்கிலக் கலப்பு மொழியான பிச்சி (நம் பிச்சிப்பூவுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை). இவை எல்லாவற்றுக்கும் மேலே ஸ்பானியம். சகாராவுக்குத் தெற்கே ஸ்பானியத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே சுதந்திர நாடு இதுதான். பிரெஞ்சும் போர்ச்சுகீசியமும் பிற்பாடு சேர்க்கப்பட்ட ஆட்சிமொழிகள்.

ஒரு காலத்தில் பியோகோவின் கோக்கோவும் ரியோ முனியின் மரமும் காபியும்தான் பிழைப்பு. மசியாஸ் காலத்தில் தோட்டத்தில் வேலை செய்த நைஜீரியத் தொழிலாளர்கள் போய்விட்டார்கள், மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் கொல்லப்பட்டோ தப்பி ஓடியோ போனார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, கோக்கோ படுத்துவிட்டது. 1979 ஆகஸ்ட் 3 அன்று அவரைக் கவிழ்த்தவர் சொந்த உடன்பிறப்பின் மகன் தியோடோரோ ஒபியாங். இன்றைய உலகின் குடியரசுத் தலைவர்களில் மிக நீண்ட காலம் ஆள்பவர் அவர்தான். 1995இல் பியோகோவுக்கு அருகே கடலடியில் சபிரோ எண்ணெய் வயலை மொபில் நிறுவனம் கண்டுபிடித்தது. பத்தே ஆண்டில் உற்பத்தி நாளொன்றுக்கு மூன்றரை லட்சம் பீப்பாயைத் தாண்டியது. தலா வருமானக் கணக்கில் நாடு ஆப்பிரிக்காவின் உச்சிக்குப் போனது. கணக்கில் மட்டும். ஏற்றுமதி வருவாயின் பெரும்பகுதி எண்ணெயும் எரிவாயுவும். கிணறு வற்றினால் கஜானாவும் வற்றும். இன்று உற்பத்தி ஒரு லட்சம் பீப்பாய்க்கும் கீழே. சபிரோவை நடத்திவந்த எக்சான்மொபில் 2024இல் மூட்டை கட்டிவிட்டது. எண்ணெய்ப் பணத்தில் காட்டுக்குள் 'அமைதி நகரம்' என்று ஒரு புதுத் தலைநகரம் எழுந்தது. பொதுப்பணத்தைச் சுருட்டிய வழக்கில், துணைக் குடியரசுத் தலைவரான தியோடோரின் என்ற ஒபியாங்கின் மகன் குற்றவாளி என்று பாரிஸ் நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகளிலும் தீர்ப்பு நின்றது. 2022 தேர்தலில் தந்தைக்குக் கிடைத்ததாக அறிவித்த வாக்கு ஏறத்தாழ 95 சதவீதம்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? நாடே தன் பெயரை மூன்று ஆட்சிமொழிகளிலும் அந்தந்த மொழியின் அடைமொழியோடுதான் எழுதுகிறது: ஸ்பானியத்தில் 'கினேயா எக்குவத்தோரியால்', பிரெஞ்சில் 'கினே எக்குவத்தோரியால்', போர்ச்சுகீசியத்தில் 'கினே எக்குவதோரியால்'. பெயரை மொழிபெயர்க்காதீர்கள் என்று 1980களில் மற்ற நாடுகளைக் கேட்டுக்கொண்ட கோட் டிவார் (ஐவரி கோஸ்ட்) போல இது பிடிவாதம் பிடிக்கவில்லை. தென் அமெரிக்காவின் எக்குவடோர் வேறு கதை. அங்கே கோடே நாட்டின் பெயராகிவிட்டது, அதைத் தொடக்கூடாது. இங்கே அது எந்தக் கினி என்று சுட்டும் அடைமொழி மட்டும். தென் ஆப்பிரிக்கா என்கிறோம், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு என்கிறோம், இதற்கு மட்டும் ஆங்கில ஒலிப்பு எதற்கு?

'நிலநடுக்கோட்டுக் கினி' என்பதே சரியான வடிவம். 'பூமத்திய கினி' என்றும் எழுதுவதுண்டு, அது பூமியின் மத்தியில் உள்ள கினி என்று பொருள்படும், ரேகை விடுபட்டுப்போகிறது. 'கினியா' என்ற ஈறும் வேண்டாம். தலைப்பில் இடம் பற்றாதபோது சுருக்கமாகக் 'கினி' என்று போட்டால் வாசகர் கொனாக்ரியைத் தலைநகராகக் கொண்ட கினியை நினைப்பார், ஆகவே அங்கே 'ந.கோ. கினி' என்று சுருக்கலாம், அல்லது நகரப் பெயரான மலாபோவைப் போடலாம். மக்களைக் குறிக்க ஸ்பானியத்தில் 'எக்குவத்தோகினேயானோ' என்று ஒரே சொல் உண்டு. தமிழில் 'நிலநடுக்கோட்டுக் கினியர்' என்றால் போதும்.